அரூர் ரோட்டில் நாலு லட்சம் கிலோமீட்டர்

எங்கள் வீட்டில் கார் ஓட்டுவது நான். என் வீட்டுக்காரருக்கு ஓட்ட வராது. கார் வாங்கிய வாரமே ஆசைப்பட்டு ரிவர்ஸ் எடுத்து, எங்கள் மாட்டுக்கொட்டகைச் சுவரின் ஒரு மூலையைப் பெயர்த்துவிட்டு இறங்கினார். உள்ளே கட்டியிருந்த எருமைகூட அவ்வளவு பதறவில்லை. சாவியை என்னிடம் நீட்டி, "இது எனக்கு ஒத்துவராது. நீ ஓட்டு, நான் பாத்துக்கறேன்" என்றார். ஓட்டாத மனுஷன் காரில் எதைப் பார்த்துக்கொள்ளப் போகிறார் என்று அன்றைக்கு எனக்குச் சிரிப்புதான் வந்தது.

அப்போது நான் அரூரில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். அவருக்கும் அரூரிலேயே தாலுகா ஆபீசில் வேலை. வீடு மட்டும் அதியமான்கோட்டையில். அரூரில் வீடு பார்க்கலாம் என்று நான் சொல்லாத வருஷமில்லை. தோட்டத்தை விட்டு வர அவருக்கு மனசு வரவில்லை. தோட்டம் என்றால் என்னவோ ஏதோ என்று நினைக்க வேண்டாம், கொஞ்சம் மாமரங்கள், ஒரு கிணறு. அதற்காகக் காலையில் நாற்பத்தைந்து, மாலையில் நாற்பத்தைந்து கிலோமீட்டர். தர்மபுரியில் பஸ் மாறி, மொரப்பூரில் நின்று, முதல் பீரியடுக்கு மூச்சிரைக்க வகுப்பில் நுழைந்து அலுத்துப்போய்த்தான் அந்தச் சின்ன டீசல் காரை வாங்கினோம். வெள்ளை நிறம். அதற்குப் பிறகு வேறு கார் வாங்க எங்களுக்குத் தோன்றவே இல்லை.

பொம்பளை ஓட்ட, ஆம்பளை மடியில் சாப்பாட்டுப் பையை வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்து போவது அந்த ரோட்டில் கொஞ்ச நாள் வேடிக்கையாக இருந்தது. மொரப்பூர் டீக்கடையில் ஒருவர் கேட்டேவிட்டார்: "ஏன் சார், வூட்டுலயும் இப்படித்தானுங்களா?" இவர் டீயை ஊதிக்கொண்டே, "வூட்டுல இன்னும் மோசமுங்க, அங்க உக்காரவே வுடமாட்டாங்க" என்றார். கடையே சிரித்தது. எனக்குத்தான் முகம் சுண்டிப்போனது. அவருக்கு இதெல்லாம் உறைக்காது. என்னை 'டிரைவரம்மா' என்று கூப்பிடுவார். நான் கோபமாக இருந்தால், டிரைவரம்மாவுக்கு இன்றைக்கு இஞ்சின் சூடு என்பார்.

பார்த்துக்கொள்கிறேன் என்றவர் பார்த்துக்கொண்டார். காலையில் பல் தேய்த்த கையோடு பானெட்டைத் தூக்கிவிடுவார். ஆயில் அளவு, ரேடியேட்டர் தண்ணீர், பெல்ட்டின் இறுக்கம். நாலு டயரையும் சுற்றி வந்து தட்டிப் பார்ப்பார். ஆயில் மாற்றக் கம்பெனிப் புத்தகத்தில் போட்டிருக்கும் கெடுவுக்கு வெகு முன்பே மாற்றிவிடுவார். கேட்டால், "அந்தப் புஸ்தகம் எழுதுனவன் நம்ம ரோட்டுப் புழுதியப் பாத்தானா?" என்பார். டீசல் எப்போதும் ஒரே பெட்ரோல் பங்கில்தான். ஏர் ஃபில்டரைக் கழற்றி வாசலில் தட்டினால் அரை வீதிக்குப் புழுதி பறக்கும், எதிர்வீட்டில் துணி காயப்போட்டிருப்பவர்கள் சத்தம் போடுவார்கள். மழையில் போய் வந்த நாளில் வண்டிக்கு அடியில் குனிந்து ஹோஸ் பிடித்துச் சேற்றைக் கழுவாமல் சாப்பிட உட்காரமாட்டார்.

அதைவிட முக்கியம், கேட்பார். போகும்போது பேசிக்கொண்டே வருபவர் திடீரென்று கையைத் தூக்கிப் பேச்சை நிறுத்துவார். தலையைக் கொஞ்சம் சாய்த்துக்கொள்வார். "முன்னாடி இடது பக்கம் ஒரு சத்தம் வருது." எனக்கு ஒன்றும் கேட்காது. சாயங்காலம் தர்மபுரியில் பாயிடம் விட்டால், சத்தம் வந்த இடத்தில் ஒரு ரப்பர் புஷ் தேய்ந்திருக்கும். பாய் என்று நான் சொல்வது எங்கள் மெக்கானிக்கை. முதல் சர்வீஸ்கள் முடிந்ததிலிருந்து இந்த வண்டியில் அவரைத் தவிர வேறு யாரும் ஸ்பேனர் வைத்ததில்லை. சிறு கோளாறை அன்றைக்கே பார்த்துவிட்டால் பெரிய கோளாறு வராது, அவ்வளவுதான் இவர்கள் இருவருடைய வித்தை. கிளட்ச் பிளேட் மாற்றியிருக்கிறோம், ஷாக் அப்சார்பர் மாற்றியிருக்கிறோம், டைமிங் பெல்ட்டை அறுகிற வரைக்கும் விடாமல் முன்கூட்டியே மாற்றியிருக்கிறோம். இஞ்சினை மட்டும் திறந்ததே இல்லை.

என் பங்கும் உண்டு, அதை விட்டுக்கொடுக்கமாட்டேன். நான் கிளட்சின் மேல் காலை வைத்துக்கொண்டே ஓட்டுகிறவள் இல்லை. பிரேக்கைக் கடைசி நிமிஷத்தில் மிதிக்கமாட்டேன். பின்னால் லாரிக்காரர் ஹாரனை அடித்து உயிரை விட்டாலும் எனக்கென்று ஒரு வேகம் உண்டு, அதில்தான் போவேன். ரெண்டு லட்சம் தாண்டியபோது ஸ்டாஃப் ரூமில் எல்லோரும் மாற்றச் சொன்னார்கள். மூன்று லட்சம் தாண்டியபோது சொல்வதை நிறுத்திவிட்டார்கள். நாலு லட்சத்துக்குப் பிறகு அவர்களே ஆட்களைக் கூட்டிக்கொண்டு வந்து காட்டினார்கள். ரகசியம் என்ன என்று கேட்பார்கள். ஒரே ரோடு, ஒரே ஆள், ஒரே வேகம் என்பேன். யாரும் நம்பவில்லை. ஏதோ விலை உயர்ந்த ஆயில் ஊற்றுவதாகத்தான் பேசிக்கொண்டார்கள்.

அவர் எனக்கு முன்பே ரிட்டையர் ஆனார். மறுநாள் காலை நான் சேலையைக் கட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தால், வழக்கம்போல முன் சீட்டில் பையோடு உட்கார்ந்திருக்கிறார். "எங்கங்க?" என்றேன். "அரூருக்கு" என்றார். "அங்க உங்களுக்கு என்ன வேல?" "நீ ஒண்டியா ஓட்டிக்கிட்டுப் போனா வண்டி சத்தத்த யாரு கேக்கறது?" அதற்குப் பிறகு நான் ரிட்டையர் ஆகிற வரைக்கும் தினமும் வந்தார். நான் பள்ளியில் இருக்கும் நேரமெல்லாம் லைப்ரரியிலும், பழைய ஆபீசுக்கு எதிரே டீக்கடையிலும் பொழுதைப் போக்குவார். அவர் வண்டிக்காக வரவில்லை என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் ஒரு நாளும் வாயைத் திறந்து கேட்டதில்லை. கேட்டிருந்தால் கூச்சப்பட்டுக்கொண்டு வராமல் இருந்திருப்பார்.

நான் ரிட்டையர் ஆன மறு வருஷம், ஒரு காலையில் கிணற்று மோட்டார் போடப் போனவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். ஆம்புலன்ஸ் வந்தது. படுக்க வைத்துத்தான் கொண்டுபோக வேண்டும் என்றார்கள். பக்கத்து வீட்டுத் தம்பி அவரோடு ஏறிக்கொண்டார். நான் எங்கள் காரில் பின்னால் போனேன். அந்தக் காரில் பக்கத்து சீட் காலியாக நான் ஓட்டியது அதுதான் முதல் தடவை. தர்மபுரி வரைக்கும் என்னுடைய வேகத்தை விட்டு, ஆம்புலன்ஸ் வேகத்துக்கு மிதித்தேன். ஆஸ்பத்திரி வாசலில் நான் வண்டியை நிறுத்த இடம் தேடிக்கொண்டிருந்தபோது அவர் போய்விட்டார்.

மகன் பெங்களூரில் இருக்கிறான். காரியமெல்லாம் முடிந்ததும் கூடவே வரச் சொன்னான். போகவில்லை. தோட்டம் இருக்கிறது என்றேன், அவர் சொன்ன அதே சாக்கு. வாரத்தில் இரண்டு நாள் காரை எடுத்துக்கொண்டு அரூர் போய்விட்டு வந்தேன். வண்டி நின்றால் பாட்டரி இறங்கிவிடும், டயர் ஒரே இடத்தில் அழுந்திப்போகும், ரப்பர் எல்லாம் காய்ந்து வெடிக்கும். எல்லாம் நிஜம்தான். ஆனால் அதற்கு ஊரைச் சுற்றி வந்தால் போதும், அரூர் வரைக்கும் போகத் தேவையில்லை. எதிர்வீட்டுப் பெண் ஒவ்வொரு தடவையும் கேட்பாள், "எங்க டீச்சர் கெளம்பிட்டீங்க?" "அரூருக்கு." "என்ன வேலையா?" "பென்ஷன் வேல." மூன்று வருஷம் இழுக்கிற பென்ஷன் வேலை எங்கேயும் கிடையாது. அவளும் அதற்கு மேல் கேட்கவில்லை.

அரூரில் இறங்கி ஒரு டீ குடிப்பேன். தெரிந்தவர்கள் குறைந்துகொண்டே வந்தார்கள். கடையில் புதிதாக வந்த ஆள் என்னிடம், "எந்த ஊருங்க?" என்று கேட்டார். இத்தனை வருஷம் சோறு போட்ட ஊரில் எந்த ஊர் என்று கேட்கிறார்கள். திரும்பி வரும்போது ஜன்னலை ஏற்றிவிட்டு, தலையைச் சாய்த்து, வண்டிச் சத்தத்தைக் கேட்டுப் பார்ப்பேன். எது சத்தம், எது சத்தமில்லை என்று எனக்கு இன்றைக்கும் பிடிபடவில்லை. தேய்பிறை அஷ்டமி அன்றைக்கு எங்கள் ஊர் பைரவர் கோயிலுக்கு வருகிற கர்நாடகா வண்டிகள் எங்கள் தெருவரைக்கும் நிற்கும். கேட்டை மறித்து நிறுத்தியிருப்பவர்களோடு சண்டை போடுவேன். அந்த மாதத்தில் நான் நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசுவது அன்றைக்குத்தான் இருக்கும்.

போன வருஷம் வண்டிக்கு இருபது வயது முடிந்தது. பதினைந்து வயதில் ஒரு தடவை ஆர்.சி. புதுப்பித்தது முடிந்து, மறுபடியும் புதுப்பிக்கும் கெடு வந்தது. மகன் இதைத்தான் பிடித்துக்கொண்டான். "ம்மா, இனி எதுக்கு? உனக்குக் கண்ணும் முன்ன மாதிரி இல்ல. கார வித்துட்டு இங்க வந்துடு. அப்பார்ட்மென்ட்ல எங்களுக்கு ஒரு பார்க்கிங்தான்." கார் போனால் நான் பெங்களூர் போகிறேன், கார் இருந்தால் நான் இங்கே இருக்கிறேன். எங்கள் இருவருக்கும் நடுவில் அது வாயால் சொல்லாத ஒப்பந்தம் மாதிரி ஆகிவிட்டது. பத்து நாள் யோசித்தேன். மழை பிடித்துக்கொண்ட ஒரு வாரம், யாரிடமும் பேசாமலே வெள்ளிக்கிழமை வரைக்கும் போய்விட்டதை உணர்ந்தபோது பயம் வந்துவிட்டது. விற்றுவிடலாம் என்று அவனுக்குப் போன் போட்டுச் சொன்னேன்.

பாயிடம் கொண்டுபோய் விட்டேன். அவருக்கும் தாடி முழுக்க வெளுத்துவிட்டது. விற்கப் போகிறேன் என்றதும் பானெட்டையே துடைத்துக்கொண்டிருந்தார். ஸ்பீடு காட்டும் முள் நடுங்கிக்கொண்டிருந்தது, அந்த கேபிளை மட்டும் மாற்றிக் கொடுங்கள் என்றேன். "நீங்க போங்க டீச்சரம்மா, சாரு வண்டி, நானே ஆளப் பாத்து அனுப்பறேன்" என்றார். இரண்டு நாள் கழித்துப் போய் எடுத்து வந்தேன். முள் நடுங்காமல் நின்றது. நான் பார்த்தது அதைத்தான். எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்று பார்ப்பதெல்லாம் எப்போதும் வீட்டுக்காரர் வேலை. ஓட்டுகிறவளுக்கு ரோடுதான்.

பாய் அனுப்பிய ஆள் பக்கத்து இண்டூரிலிருந்து மனைவியோடு வந்தார். விவசாயி. அவர்கள் வாங்கப்போகும் முதல் கார். அந்தப் பெண் முன்னால் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, கால் ஊன்ற எட்டவில்லை என்று அடியில் கைவிட்டு சீட்டை முன்னால் இழுத்தாள். கால் நீளமான மனுஷனுக்காக இருபது வருஷம் பின்னால் கிடந்த சீட் அது. அந்த விவசாயி ஸ்டியரிங்குக்குப் பின்னால் குனிந்து பார்த்துவிட்டு, "தொண்ணூத்தி ஏழாயிரந்தான் ஓடியிருக்குது. நல்லா வெச்சிருக்கீங்க டீச்சர்" என்றார்.

"எத்தன?" என்றேன்.

"தொண்ணூத்தி ஏழாயிரம்."

நான் போய்ப் பார்த்தேன். இருந்தது. நாலு லட்சத்து நாற்பதாயிரத்துச் சொச்சம் இருக்கவேண்டிய இடத்தில் தொண்ணூற்றேழாயிரம். "இது தப்புங்க. இந்த வண்டி நாலு லட்சத்துக்கு மேல ஓடியிருக்குது" என்றேன்.

அவர் சிரித்தார். "மீட்டரக் கொறச்சுச் சொல்றவங்களப் பாத்திருக்கறேன், ஏத்திச் சொல்றவங்கள இப்பத்தாங்க பாக்கறேன்."

"நெசமாத்தான் சொல்றேன். அரூருக்கு தெனமும் போய் வந்த வண்டி."

"நாலு லட்சம் ஓடுன வண்டிங்களா இது?" மறுபடியும் இஞ்சினைப் போட்டுக் கேட்டார். அது ஒழுங்காக, ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. அதுதான் வினை. அவருக்கு முகம் மாறிவிட்டது. "குடுக்க மனசில்லன்னா சொல்லிடுங்க டீச்சர். பொய் எதுக்குங்க?" அந்தப் பெண் இறங்கி, சேலைத் தலைப்பால் கதவைத் தொட்ட இடத்தைத் துடைத்துவிட்டு நடந்தாள். பொய்யே சொல்லாமல் பொய்க்காரி ஆனது என் வாழ்க்கையில் அன்றைக்குத்தான்.

அதே சூட்டோடு பாயிடம் போனேன். வண்டியை நிறுத்திக் கதவைச் சாத்திய சாத்தலிலேயே அவருக்குப் புரிந்துவிட்டது. "மீட்டர்ல கை வெச்சீங்களா பாய்?"

"விக்கற வண்டிதானேம்மா. எல்லாரும் செய்யறதுதான். ஒரு லட்சத்துக்குக் கீழ இருந்தாத்தான் வாங்கறவன் வண்டிக்குள்ள தலையவே வுடுவான். நாலு லட்சம்னு இருந்தா எடைக்குத்தான் கேப்பான். கேபிள் மாத்தக் கழட்டுனேன், அப்படியே குண்டூசி வெச்சுத் திருப்பிட்டேன். சாரு வண்டி எடைக்குப் போகக் கூடாதுன்னு பண்ணேம்மா. இதுக்குன்னு நான் பில்லுல காசுகூடப் போடல."

அவர் சொன்னது அத்தனையும் உண்மை. அந்தத் தொழிலில் அது உபகாரம். எனக்குத்தான் தாங்கவில்லை. "அது நாங்க ஓட்டுன ஓட்டம் பாய்" என்றேன். குரல் உடைந்துவிட்டது. பட்டறையில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

பாய் எழுந்து வந்தார். "அழாதீங்கம்மா. இதென்ன பெரிய வேல, பத்து நிமிஷம். பழையபடியே திருப்பி வெச்சுடறேன். எத்தனன்னு மட்டும் சொல்லுங்க."

நான் வாயைத் திறந்தேன். நாலு லட்சத்து நாற்பது. அதற்குப் பிறகு? நாற்பத்து இரண்டா, நாற்பத்து நாலா? எனக்குத் தெரியவில்லை. "நீங்க திருப்பறப்போ பாக்கலையா?" என்றேன். பாய் தலையைச் சொறிந்துகொண்டார். நாலில் தொடங்கியது, அவ்வளவுதான் ஞாபகம் என்றார். பிறகு, "சாரு இருந்தா கடைசி நம்பரு வரைக்கும் சொல்லியிருப்பாரு" என்றார்.

எழுதி வைக்கிற பழக்கம் என் வீட்டுக்காரருக்கு இல்லை. எல்லாம் மனசில்தான் வைத்திருப்பார். எந்தக் கிலோமீட்டரில் ஆயில் மாற்றியது, எதில் பெல்ட் மாற்றியது என்று கேட்ட மாத்திரத்தில் சொல்வார். அவரோடு அந்தக் கணக்கெல்லாம் போயிற்று. மிச்சமிருந்தது மீட்டரில் இருந்த அந்த ஒரே ஒரு எண். அதுவும் போய்விட்டது. உலகத்தில் அதைத் தெரிந்த ஆள் இனி ஒருவரும் இல்லை. தோராயமாக ஒன்றை வைத்துவிடலாம் என்று பாய் தயங்கித் தயங்கிக் கேட்டார். வேண்டாம் என்றேன். முப்பது வருஷத்துக்கு மேல் கணக்குச் சொல்லிக்கொடுத்தவள். நானாக ஒரு எண்ணைச் சொல்லி, பாய் ஊசியால் திருப்பி வைத்தால், அதுவும் தொண்ணூற்றேழாயிரம் மாதிரியே இன்னொரு பொய்.

அன்றைக்கு சாயங்காலம் மகனிடம் சொன்னேன். அவன் பொறுமையாகத்தான் கேட்டான். "அப்ப நல்லதுதானேம்மா, நல்ல வெலைக்குப் போகும்" என்றான். அவனுக்குப் புரியவைக்கலாம் என்று இரண்டு தடவை முயற்சி பண்ணினேன். மூன்றாவது தடவை, "நான் விக்கல. ஆர்.சி. புதுப்பிச்சுக்கறேன்" என்று சொல்லிவிட்டேன். "அப்ப இங்க வர்றது?" என்றான். "பாக்கலாம்" என்றேன். அவன் சாப்பிட்டியாம்மா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டான். அவன் மேல் தப்பில்லை. அவனுக்கு அது வண்டி. வைத்த பிறகு, அவனிடம் இன்னும் கொஞ்சம் பேசியிருக்கலாம் என்று தோன்றியது. அழைக்கத் தோன்றவில்லை.

புதுப்பிக்கக் கொண்டுபோனபோது பிரேக், லைட், ஹாரன், புகை எல்லாம் பார்த்தார்கள். சோதித்த அதிகாரி சின்ன வயசு. மீட்டரைப் பார்த்துவிட்டு, "ரொம்பக் கம்மியா ஓட்டியிருக்கீங்க மேடம்" என்றார். ஆமாம் என்றேன். நிஜத்தைச் சொல்லி ஒரு தடவை பட்டது போதும். இன்னும் ஐந்து வருஷம் ஓட்டலாம் என்று ஆயிற்று.

மறுபடியும் வாரத்துக்கு இரண்டு நாள் அரூர். ஆனால் இப்போது எனக்கு ஒரு கெட்ட பழக்கம் வந்துவிட்டது. மீட்டரைப் பார்க்க ஆரம்பித்தேன். தொண்ணூற்றெட்டு ஆனது. தொண்ணூற்றொன்பது ஆனது. நாலு மாதம் போல ஆகியிருக்கும், ஒரு செவ்வாய்க்கிழமை, மொரப்பூர் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் ஐந்து ஒன்பதும் வரிசையாக வந்து நின்றன. பின்னால் யாரும் இல்லை. வண்டியை உருட்டுகிற மாதிரி மெதுவாக விட்டேன். கடைசி ஒன்பது அசைந்தது. அது அசைய அசைய மற்ற ஒன்பதுகளும் கூடவே எழும்பின, எல்லாம் ஒன்றாக மேலே ஏறிப் போக, முன்னால் ஒரு ஒன்று வந்து உட்கார்ந்தது. பின்னால் வரிசையாகப் பூஜ்யம்.

நான் இதை அதற்கு முன் பார்த்ததில்லை. இதே வண்டி நிஜமாகவே ஒரு லட்சம் ஓடியபோது முன்னால் கரும்பு லாரி ஒன்று ஆடிக்கொண்டு போனது. அவர் சீட்டில் நிமிர்ந்து, "பாரு பாரு, டிரைவரம்மா, எல்லாம் மாறுது பாரு" என்று கத்தினார். "ரோட்டப் பாக்கட்டா, மீட்டரப் பாக்கட்டா?" என்று நான் எரிந்து விழுந்தேன். "சரி, உனக்கும் சேத்து நானே பாத்துக்கறேன்" என்றார். இரண்டு லட்சத்துக்கும் மூன்றுக்கும் நாலுக்கும் அப்படியேதான். அவர் பார்த்துச் சொல்வார், நான் ஓட்டிக்கொண்டே ம் என்பேன்.

வண்டியை ஓரம் கட்டினேன். பஸ்ஸுக்கோ எதற்கோ நின்றிருந்த ஒரு பெண் ஜன்னல் பக்கம் வந்து குனிந்தாள். "என்னாங்க, வண்டி நின்னுபோச்சுங்களா?"

"இல்லீங்க. ஒரு லட்சம் கிலோமீட்டர் ஆச்சு. அதான்."

"ஓ, அப்படீங்களா" என்றாள்.

"அரூர்தான் போறேன். வர்றீங்களா, எறக்கி வுட்டுடறேன்."

"வேணாங்க, எங்க வூட்டுக்காரரு வண்டி எடுத்துக்கிட்டு வந்துட்டே இருக்கறாரு" என்று சொல்லிவிட்டு அவள் பழைய இடத்துக்கே போய் நின்றுகொண்டாள்.

கியரைப் போட்டேன். இனி மீட்டரில் வரப்போகிற ஒவ்வொரு எண்ணும் அவர் எனக்காகவும் சேர்த்து ஏற்கெனவே பார்த்தது. அவர் கடைசியாகப் பார்த்த எண் எதுவென்று தெரியாவிட்டாலும் நாலு லட்சத்துக்கு மேல், அது நிச்சயம். வாரத்துக்கு இரண்டு தடவை அரூர் போய் வந்து நான் அந்த இடத்தை எட்ட இன்னும் முப்பது வருஷத்துக்கு மேல் வேண்டும். வண்டி தாங்கும். எனக்கு இப்போது அறுபத்துமூன்று.